தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு லடாக் ஏரிகளுக்குப் போகலாமா? எந்த வழியாகப் போவது?

உங்கள் கேள்வி இது: குருகிராமில் வேலை, சொந்தமாக 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக், செப்டம்பரில் 12 நாள் விடுப்பு. கூட வருவதாகச் சொன்ன இருவரும் கடைசியில் கழன்றுகொண்டார்கள். மணாலி வழியாக லே போய், பாங்கோங், சோ மோரிரி இரண்டு ஏரிகளையும் பார்த்துவிட்டு, கார்கில், ஸ்ரீநகர் வழியாகத் திரும்பலாமா? சின்ன வண்டி மலை ஏறுமா? வண்டியையும் வழியையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் ஏதாவது ஒன்று ஆகிவிட்டால், பக்கத்தில் ஆள் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி. முடியும். வண்டியும் ஏறும். ஆனால் நீங்கள் போட்டிருக்கும் சுற்றை அப்படியே திருப்பிப் போடுங்கள். ஸ்ரீநகர் வழியாக உள்ளே போங்கள், மணாலி வழியாக வெளியே வாருங்கள்.

காரணம் உயரம். அதிலும் நீங்கள் கடக்கும் கணவாயின் உயரத்தைவிட, இரவு தூங்கும் இடத்தின் உயரம்தான் உடம்பைப் பாதிக்கிறது. மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு இது: 3,000 மீட்டருக்கு மேலே போனபின், தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் நிற்க வேண்டும். இந்தக் கணக்கை இரண்டு வழிகளுக்கும் போட்டுப் பாருங்கள். ஸ்ரீநகர் 1,585 மீட்டர், கார்கில் சுமார் 2,680, லே சுமார் 3,500. நடுவில் வரும் சோஜி லா, நமிகா லா, ஃபோட்டு லா என்ற மூன்று கணவாய்களையும் ('லா' என்றால் கணவாய்) பகலில் கடந்து இறங்கிவிடுகிறீர்கள். உயரமான ஃபோட்டு லாவே 4,108 மீட்டர்தான். மணாலி வழியில் கதை வேறு. மணாலி 2,050, ஜிஸ்பா 3,200, அடுத்த இரவு பெரும்பாலோர் தங்குவது 4,290 மீட்டரில் இருக்கும் சார்ச்சுவில். ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல் கூடிவிடுகிறது.

சார்ச்சுவின் ஆபத்து அதன் உயரத்தோடு முடிவதில்லை. அது ஒரு பொறி. பின்னால் 4,850 மீட்டருக்கு மேல் பாராலாச்சா லா; முன்னால் கட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள், நக்கீ லா, 5,059 மீட்டரில் லாச்சுங் லா. நள்ளிரவில் தலைவலி முற்றி வாந்தி வந்தால் மருந்து ஒன்றுதான்: கீழே இறங்குவது. ஆனால் சார்ச்சுவிலிருந்து எந்தப் பக்கம் இறங்க வேண்டுமானாலும் முதலில் இன்னும் மேலே ஏற வேண்டும், அதுவும் இருட்டில், அந்த உடம்போடு, நீங்களே ஓட்டி. நாலு பேர் போகும் வண்டியில் ஒருவர் ஓட்டுவார். உங்களுக்கு அந்த வழி இல்லை. அதே பாதையை லே-யில் சில நாள் இருந்து உடம்பு பழகியபின் திரும்பும்போது கடந்தால், சார்ச்சுவில் தங்காமல் ஒரே மூச்சில் ஜிஸ்பாவுக்கு இறங்கிவிடலாம்.

ஸ்ரீநகர் வழியிலும் தொல்லை உண்டு. ஜம்மு–ஸ்ரீநகர் சாலையில் ராம்பன் பகுதி மழை பெய்தால் சரியும். சோஜி லா சாலை குறுகல், மழை பெய்துவிட்டால் சேறு. வண்டிகளை நேரம் பிரித்து ஒரு திசையாக விடும் ஏற்பாடு அடிக்கடி மாறும். முதல் நாள் சாயங்காலமே சோனமர்க் பக்கம் போலீசிடமோ விடுதியிலோ நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். சோனமர்க் சுரங்கப்பாதை 2025 ஜனவரியில் திறந்தபின் அதற்கு முந்திய பனிச்சரிவுப் பகுதி சுலபமாகிவிட்டது. சோஜி லாவுக்கு அடியில் தோண்டும் சுரங்கம் முடியும்வரை கணவாயைத்தான் ஏற வேண்டும்.

இனி நாள் கணக்கு. முதல் நாள் பதான்கோட் அல்லது ஜம்மு, இரண்டாம் நாள் ஸ்ரீநகர், மூன்றாம் நாள் கார்கில், நான்காம் நாள் லே. ஐந்தும் ஆறும் லே-யில் சும்மா இருங்கள். சும்மா என்றால் சும்மாதான். சாந்தி ஸ்தூபிப் படிகளில் முதல் நாளே ஓடி ஏறுபவர்கள்தான் சாயங்காலம் தலையைப் பிடித்துக்கொண்டு படுக்கிறார்கள். ஆறாம் நாள் பக்கத்தில் இருக்கும் திக்ஸே, ஷே மடாலயங்களுக்கு மெதுவாக வண்டியில் போய் வாருங்கள். அதன்பின் பாங்கோங், சுஷுல், நியோமா வழியாக சோ மோரிரி போய், சோ கார் ஏரி வழியாக மணாலி சாலையைப் பிடித்து ஜிஸ்பா, சண்டிகர், வீடு என்றால் பன்னிரண்டாம் நாள் இரவு குருகிராமில் இருப்பீர்கள். காகிதத்தில் அடங்குகிறது. ஆனால் மிச்ச நாள் ஒன்றுகூட இல்லை. ஒரு நிலச்சரிவு, ஒரு நாள் வயிற்றுப்போக்கு, ராணுவ வண்டிகளுக்காக மூன்று மணி நேரம் மூடிய சாலை, இவற்றில் ஒன்று வந்தாலே அடுத்த நாள் இரண்டு நாள் தூரத்தை ஒரே நாளில் ஓட்டத் தோன்றும். தனியாக ஓட்டுபவர்களின் விபத்துகள் அப்படிப்பட்ட நாளில்தான் நடக்கின்றன. விடுப்பை 14 ஆக்க முடியுமானால் ஆக்குங்கள். முடியாவிட்டால் இரண்டு ஏரிகளில் ஒன்றை விடுங்கள்.

விடுவதென்றால் பாங்கோங்கை விடுங்கள் என்பேன். இதில் என் ரசனையும் கலந்திருக்கிறது, மறைக்கவில்லை. பாங்கோங் 134 கிலோமீட்டர் நீளம், 4,225 மீட்டர் உயரத்தில் அவ்வளவு தண்ணீர். அந்த நீலத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறப்பதில்லை. ஆனால் அங்கே போக லே-யிலிருந்து நேரே 5,300 மீட்டரைத் தாண்டிய சாங் லா ஏற வேண்டும். கரையெல்லாம் கூடாரங்கள், கூட்டம். சோ மோரிரிக்குப் போகும் சாலையோ உப்ஷியில் பிரிந்து பெரும்பகுதி சிந்து நதியின் ஓரமாகவே மெல்ல மெல்ல ஏறுகிறது. லே-யிலிருந்து, அந்த ஏரிக்கரையில் இருக்கும் கோர்சோக் கிராமம் சுமார் 220 கிலோமீட்டர். சாங் லா அளவுக்கு உயரமான கணவாய் எதுவும் இல்லாமலே 4,522 மீட்டர் ஏரிக்கரைக்குப் போய்விடலாம். நடுவில், வெந்நீர் ஊற்று இருக்கும் சுமாதாங்கில், ஏறக்குறைய 4,000 மீட்டரில் ஓர் இரவு தங்கலாம். 3,500, 4,000, 4,500 என்று நான் சொன்ன 500 மீட்டர் படிக்கட்டு தானாகவே அமைந்துவிடுகிறது. தனியாகப் போகும் ஒருவருக்கு இதைவிட நல்ல சாலை லடாக்கில் இல்லை. இப்படிப் போனால் உங்கள் 12 நாளில் ஒரு நாள் மிச்சமும் கிடைக்கும்.

பாங்கோங்கை விட மனமே வரவில்லை என்றால், முதல் இரவை ஏரிக்கரையில் வைக்காமல் அதற்கு முன்னாலேயே தாங்ட்சேயில் வையுங்கள். அது சுமார் 3,900 மீட்டர். காலையில் கிளம்பி, காற்று எழும்புவதற்கு முன் ஏரிக்குப் போய்விடலாம். நீலம் மிகத் தெளிவாகத் தெரிவதும் அந்த நேரத்தில்தான். கரை மணலில் மட்டும் வண்டியை இறக்க வேண்டாம். அபராதம் ஒரு பக்கம். மேலே காய்ந்து தெரியும் மணலுக்கு அடியில் ஈரம் இருப்பதால் சக்கரம் புதையும் என்பது இன்னொரு பக்கம். புதைந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள், இன்னும் ஆழமாகத்தான் போகும். முன் டயர்களில் காற்றை 18 முதல் 20 பி.எஸ்.ஐ. வரை குறைத்து, சக்கரத்துக்கு முன்னால் கையால் மணலைத் தோண்டிச் சரிவு போல ஆக்கி, கால் மிதியடி விரிப்புகளை அதில் செருகி, இரண்டாவது கியரில் மெதுவாக எடுங்கள். வெளியே வந்ததும் காற்றை நிரப்பிவிட வேண்டும்.

உடம்புக்கு வருகிறேன். நான் மருத்துவர் இல்லை, மலைச்சாலையில் ஓட்டக் கற்றுத்தருபவன். ஆகவே மருந்து விஷயத்தைக் கிளம்புவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் பேசி முடித்துக்கொள்ளுங்கள். உயர நோயைத் தடுக்க வழக்கமாக எழுதித் தருவது அசிட்டசோலமைடு, கடையில் டயமாக்ஸ் என்றால் தெரியும்; 125 மில்லிகிராம் காலையும் இரவும், ஏறுவதற்கு முதல் நாளிலிருந்து. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதைக் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். விரல் நுனி மதமதப்பதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் அந்த மாத்திரையின் இயல்பு, பயப்பட வேண்டாம். வீட்டிலேயே ஒரு நாள் சாப்பிட்டுப் பார்த்துவிட்டால், வழியில் அந்த மதமதப்பை நோய் என்று நினைத்துக் கலங்க மாட்டீர்கள்.

கற்பூரத்தைத் துணியில் முடிந்து முகர்ந்தால் மூச்சு சரியாகும் என்று பலர் சொல்வார்கள். மூக்கு திறந்தது போன்ற உணர்வு வருமே தவிர, ரத்தத்தில் ஆக்சிஜன் கூடாது. கடையில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பாவையும் நம்பிப் போகாதீர்கள். 10 லிட்டர் டப்பா என்றால் உள்ளே இருப்பது 10 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் போனால் ஐந்தே நிமிடம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பயனுள்ளதுதான், ஆனால் அதன் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. லே-யில் இறங்கிய புதிதில் நன்றாக இருப்பவர்களுக்கே 85-க்கு மேல் 90-க்குள் காட்டுவது சாதாரணம். விரல் சில்லிட்டிருந்தால் தப்பாகவும் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கியபின் பாருங்கள். யாருக்கு உயர நோய் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழி கிடையாது. தினமும் ஓடுகிறவர், ஜிம்முக்குப் போகிறவர் என்பதெல்லாம் காப்பாகாது. போன தடவை வரவில்லை என்பதும் இந்தத் தடவைக்கு உத்தரவாதம் ஆகாது.

தனிப் பயணத்தின் உண்மையான பலவீனம் இங்கேதான் இருக்கிறது. உயரம் மூளையைத் தொடும்போது முதலில் மங்குவது, நம் நிலைமையை நாமே எடைபோடும் திறமை. கூட ஒருவர் இருந்தால் "என்னடா, பேச்சு குழறுது" என்பார். உங்களுக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. ஆகவே தெளிவாக இருக்கும்போதே, லே-யில் உட்கார்ந்து, ஒரு துண்டுக் காகிதத்தில் மூன்று வரி எழுதி ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். ஒன்று: பாராசிட்டமால் போட்டு, தண்ணீர் குடித்து, இரண்டு மணி நேரம் ஆகியும் தலைவலி விடவில்லை என்றால் இன்று மேலே ஏற மாட்டேன். இரண்டு: தலைவலியோடு வாந்தியும் சேர்ந்தால் இறங்குவேன். மூன்று: நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, ஸ்டியரிங்கைத் தொடாமல் உதவி கேட்பேன். தள்ளாட்டத்தைச் சோதிப்பது எளிது. கோயிலில் அடிப்பிரதட்சணம் வைப்பதுபோல, ஒரு காலின் குதிகாலை மறு காலின் பெருவிரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்தடி நடங்கள். சரியாக நடக்க முடியாவிட்டால் அது மூளை வீக்கத்தின் அறிகுறியாக இருக்கலாம். காலையில் வண்டி எடுக்கும் முன் தினமும் இதைச் செய்யுங்கள். வறட்டு இருமல், படுத்தால் மூச்சு முட்டுவது, நெஞ்சில் கரகரப்பு, இவை நுரையீரலில் நீர் கோக்கும் அறிகுறிகள். இரண்டில் எது வந்தாலும் அருகில் இருக்கும் ராணுவ முகாம் வாசலில் போய்ச் சொல்லுங்கள், தயங்காதீர்கள். அந்தச் சாலைகளில் மருத்துவ உதவி பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கிறது. லே-யில் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனை இத்தகையவர்களை அன்றாடம் பார்க்கிறது.

இன்னொன்று, இதைச் சிலரே சொல்கிறார்கள். குளிருக்காக மூடிய அறையில் கரி அடுப்போ, புகாரி என்னும் கணப்பு அடுப்போ எரியவிட்டுத் தூங்காதீர்கள். இன்ஜினை ஓடவிட்டுக் காருக்குள்ளும் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. அதனால் வரும் தலைவலியை உயர நோய் என்று நினைத்துப் போர்த்திப் படுத்துவிடும் ஆபத்தும் உண்டு.

வண்டி விஷயம். ஐயாயிரம் மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜினின் சக்தியும் அதே விகிதத்தில் குறையும். 80 குதிரைத்திறன் வண்டி 50-க்கும் கீழே போய்விடும். வண்டி பழுதாகிவிட்டதோ என்று தோன்றும். பழுதில்லை, அதற்கும் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த நேரத்தில்தான் கிளட்ச் எரிகிறது. செங்குத்தான வளைவில் எதிரே லாரி வந்து நிற்கிறீர்கள். மறுபடி எடுக்கும்போது வண்டி முக்குகிறது. உடனே கிளட்சைப் பாதி மிதித்துக்கொண்டே ஆக்சிலரேட்டரை ஏற்றுவோம். இரண்டு மூன்று வளைவில் அப்படிச் செய்தால் கருகிய வாடை வரும். அதற்குமேல் தட்டு வழுக்க ஆரம்பித்துவிட்டால் லே-யோ மணாலியோ இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். சரியான முறை: ஹேண்ட்பிரேக்கை இழுத்து நிறுத்துங்கள், ஏ.சி.யை அணையுங்கள், முதல் கியர், 2,500 ஆர்.பி.எம். அளவுக்கு ஏற்றி, கிளட்ச் கடிக்கும் இடம் வந்ததும் ஹேண்ட்பிரேக்கை விட்டு, வண்டி நகர்ந்தவுடன் கிளட்ச்சிலிருந்து காலை முழுதாக எடுத்துவிடுங்கள். அதன்பின் வளைவு முடியும்வரை முதல் கியரிலேயே போங்கள், மாற்ற அவசரப்படாதீர்கள். இன்னும் நல்லது, வளைவுக்குக் கீழேயே நின்று மேலே பார்த்து, பாதை காலியானபின் நிற்காமல் ஏறுவது. குறுகலான மலைச்சாலையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. சட்டமும் அதையே சொல்கிறது. ஆனால் எதிரே வருவது ராணுவ வரிசை என்றால், சட்டம் பேசாமல் மலைப்பக்கம் ஒதுங்கி அத்தனை வண்டிகளும் போகும்வரை நில்லுங்கள்.

இறங்கும்போது, எந்தக் கியரில் ஏறியிருப்பீர்களோ அதே கியர். பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி, பிரேக் ஆயில் கொதித்து, மிதி தரையைத் தொடும். ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் கிளம்பும் முன் மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேரச் சீக்கிரம் கொதிக்கும்.

கூலன்ட்டைக் கட்டாயம் பாருங்கள். சமவெளியில் குறைந்தபோதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றிப் பழகியிருப்போம். செப்டம்பர் இரவில் கோர்சோக்கில் உறைநிலைக்குக் கீழே போகும். வெறும் தண்ணீர் உறைந்தால் விரிந்து ரேடியேட்டரை வெடிக்க வைக்கும். பாதிக்குப் பாதி எதிலீன் கிளைக்கால் கலவை சுமார் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் சரியாக இருக்க வேண்டும். 4,500 மீட்டரில் தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது (அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது), கூலன்ட் கொதிக்காமல் இருப்பது அந்த மூடி பிடித்துவைக்கும் அழுத்தத்தால்தான்.

டயர் காற்று பற்றி ஒரு தவறான பழக்கம் பரவியிருக்கிறது, மேலே போனதும் காற்றைக் குறைத்துவிடுவது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவுமானி ஐயாயிரம் மீட்டரில் 6 முதல் 7 பி.எஸ்.ஐ. வரை கூடுதலாகக் காட்ட வேண்டும். ஆனால் குளிரால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி அதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். எனவே 33 வைத்திருந்தால் அப்படியே விடுங்கள். குறைத்துவிட்டுக் கூரான கல்லில் ஏறினால் பக்கச்சுவர் கிழியும். பக்கச்சுவர் கிழிசலுக்குப் பஞ்சர் போட முடியாது. நல்ல நிலையில் ஸ்டெப்னி, பஞ்சர் குச்சி பெட்டி, 12 வோல்ட் காற்றடிப்பான், நீளமான கைப்பிடி உள்ள வீல் ஸ்பேனர், இந்த நான்கும் இருக்கட்டும். வீட்டு வாசலில் ஒருமுறை நீங்களே சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். கடையில் மிஷின் வைத்து முறுக்கிய நட்டு கையால் அசையாது என்பது அங்கே போய்த் தெரியக் கூடாது.

பெட்ரோல் கணக்கை எழுதிப் பார்ப்போம். லே-யை அடுத்து காரு என்ற இடத்தில் பங்க் உண்டு. அதை விட்டால், மணாலி சாலையில் லாஹௌல் பள்ளத்தாக்கில் இருக்கும் 'தாண்டி' என்ற ஊரின் பங்க்கைத்தான் கணக்கில் வைத்து ஓட்ட வேண்டும். நடுவில் புதிதாகத் திறக்கும் பங்க்குகள் பற்றிக் கேள்விப்படுவீர்கள். திறந்திருந்தால் நிரப்பிக்கொள்ளுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள். காருவிலிருந்து சுமாதாங், கோர்சோக், சோ கார், பாங், ஜிஸ்பா வழியாகத் தாண்டிக்குச் சுமார் 510 கிலோமீட்டர். பாங்கோங், சுஷுல் வழியாகச் சுற்றினால் 700-ஐ நெருங்கும். உங்கள் வண்டியின் டாங்க் 37 லிட்டர் என்று வைத்தால், முதல் கியரும் இரண்டாம் கியருமாக ஏறும் சாலையில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர்தான் எதிர்பார்க்கலாம், அதாவது 440 கிலோமீட்டர். எனவே முதல் வழிக்கு 10 லிட்டர், இரண்டாவதற்கு 25 லிட்டர் கூடுதலாக வேண்டும். தகர ஜெர்ரி கேனில் எடுங்கள், தண்ணீர் கேனில் வேண்டாம். முழுதாக நிரப்பாமல் மேலே கொஞ்சம் இடம் விடுங்கள், மூடியை மெதுவாகத் திறங்கள். உயரத்தில் ஆவி சீறிக்கொண்டு வரும்.

ஓடைகள். சாலைக்குக் குறுக்கே ஓடும் பனிநீர் ஓடைகளில் பெரும்பாலானவற்றுக்கு இப்போது பாலம் வந்துவிட்டது. செப்டம்பரில் உருகலும் குறைவு. ஆனாலும் ஒன்றிரண்டு மிச்சம் இருக்கும். காலையில் கணுக்கால் அளவு ஓடும் நீர் பிற்பகலில் முழங்காலுக்கு வரும், ஏனென்றால் மேலே வெயிலில் உருகியது கீழே வந்துசேர நேரம் ஆகிறது. நின்று பாருங்கள். அகலமாகச் சலசலத்து ஓடும் இடம் ஆழம் குறைவு, அமைதியாக வழுவழுப்பாகத் தெரியும் இடம் ஆழம். வேறு வண்டி கடக்கும்வரை காத்திருந்து, அதன் சக்கரம் எவ்வளவு முங்குகிறது என்று பார்ப்பது எல்லாவற்றையும்விட நல்லது. உங்கள் வண்டிக்குச் சக்கரத்தின் நடுப்பகுதிதான் எல்லை. முதல் கியர், ஒரே சீரான வேகம், நடுவில் கிளட்சை மிதிக்காதீர்கள், நிற்காதீர்கள். நடுவில் அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்று போகும் வழியில் தண்ணீர் புகுந்திருந்தால் இன்ஜின் உடைந்துவிடும். கடந்தபின் பிரேக்கை இரண்டு மூன்று முறை லேசாக மிதித்து உலர்த்துங்கள்.

தொடர்பு. தமிழ்நாட்டிலோ தில்லியிலோ வாங்கிய ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டாக மாற்றுங்கள், மாற ஓரிரு நாள் ஆகும் என்பதால் முன்கூட்டியே. கோர்சோக் வரை போஸ்ட்பெய்டும் விட்டுவிட்டுத்தான் எடுக்கும். வீட்டில் ஒருவரிடம் எந்த இரவு எந்த ஊர் என்ற பட்டியலைக் கொடுத்து, "அடுத்த நாள் மதியம் வரை அழைக்கவில்லை என்றால் தேட ஆரம்பி" என்று சொல்லி வையுங்கள். "இரவு கூப்பிடுகிறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள், சிக்னல் இல்லாத ஒவ்வொரு இரவும் அவர்கள் தவித்துப்போவார்கள். சாட்டிலைட் போனோ சாட்டிலைட் மெசேஜ் கருவியோ அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லையோரப் பகுதிகளுக்குப் போக முன்பு தேவைப்பட்ட இன்னர் லைன் பெர்மிட் என்ற அனுமதிச் சீட்டு இந்தியக் குடிமக்களுக்கு 2021-இல் நீக்கப்பட்டது. சுற்றுச்சூழல் கட்டணத்தை இணையத்தில் கட்டி, ரசீதின் நகல் சிலவும் ஆதார் நகலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் இருப்பவர்களுக்கு, இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், தனி அனுமதி வேண்டும். உங்கள் வண்டி உங்கள் பெயரிலேயே இருப்பது நல்லதாயிற்று. வெளியூரில் வாடகைக்கு எடுத்த வண்டிகளை லே வாடகை வண்டிச் சங்கத்தினர் ஏரிப் பக்கம் விடுவதில்லை.

கோர்சோக்கிலிருந்து ஜிஸ்பா செல்லும் நாள்தான் இந்தப் பயணத்தின் கடினமான நாள். சுமார் 300 கிலோமீட்டர், ஒன்பது பத்து மணி நேரம். காலை ஆறுக்குக் கிளம்ப வேண்டும். முந்திய நாள் ராத்திரி தூக்கம் வரவில்லை என்றால் அன்று கிளம்பாதீர்கள், மிச்ச நாளை அங்கே செலவழியுங்கள். விடியலில் நிழல் விழும் வளைவுகளில் கசிந்த நீர் கண்ணாடிபோல உறைந்திருக்கும், எட்டு மணி வரை பிரேக்கை நம்ப வேண்டாம். பூகாவில் கந்தக வாடையோடு தரையிலிருந்து ஆவி எழும்பும், வண்டியிலிருந்தே பார்க்கலாம். பிறகு சோ கார், பெயருக்கேற்ற வெள்ளை ஏரி, கரையெல்லாம் உப்பு. காட்டுக் கழுதைகளான கியாங் கூட்டம் அங்கே சாலையோரம் மேயும். வண்டியோடு போட்டியாக ஓடி, திடீரென்று குறுக்கே பாயும் பழக்கம் அதற்கு. பார்த்தவுடன் வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

ஆறுக்குக் கிளம்புவதாக இருந்தாலும் ஐந்தரைக்கு எழுந்து கோர்சோக் கரைக்கு ஒருமுறை நடந்து போங்கள். மெதுவாக நடங்கள், அங்கே ஆக்சிஜன் கடல் மட்டத்தில் இருப்பதில் 57 விழுக்காடுதான். காற்று எழும்பாத அந்த நேரத்தில் எதிர்க்கரை மலை ஏரியில் தலைகீழாக நிற்கும். நீரோரப் புல்தரையில் சாம்பல் உடலும், வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டையும் கொண்ட வாத்துக் கூட்டம் தெரிந்தால் அவை வரித்தலை வாத்துகள். இங்கே குஞ்சு பொரித்து, குளிர் தொடங்கும்போது தெற்கே இறங்கும் இனம் அது. நம் நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்துக்கு மார்கழி, தை மாதங்களில் வருவதும் அதே இனம்தான். அந்தப் புல்தரைக்குள் மட்டும் காலை வைக்காதீர்கள், பாதையிலேயே நின்று பாருங்கள்.